சாப்பிட்டது இறங்கவே மாட்டேன் என்கிறதா? சர்க்கரை நோயும் இரைப்பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் எதையெல்லாம் பாதிக்கும் என்று கேட்டால் கண், சிறுநீரகம், கால், இதயம் என்று எல்லோரும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். வயிறு அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அதனால்தான் பல வருடமாகச் சர்க்கரையோடு இருக்கும் ஒருவர் "நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுது" என்று சொன்னால், கேஸ் மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரைப்பையின் நரம்புகளையும் அசைவையும் சர்க்கரை நோய் என்ன செய்கிறது என்று நோயாளிகளும் வீட்டில் இருப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பிரச்சினைக்குப் பெயர் என்ன?

காஸ்ட்ரோபரேசிஸ். வழியில் அடைப்பு எதுவும் இல்லாமலேயே, இரைப்பை தன்னிடம் வந்த உணவைக் குடலுக்கு அனுப்பத் தாமதிக்கும் நிலை இது. சர்க்கரை நோயாளிகளிடம் காணப்படும் இந்தத் தாமதத்துக்கு 1958-ல் பால் கசாண்டர் என்ற மருத்துவர் தனிப் பெயர் கொடுத்துக் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் சொன்னது, அறிகுறி இல்லாமல் உணவு தேங்குவதைப் பற்றி. வாந்தியோ வலியோ இல்லாமலும் இது உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். பின்னால் வரும் சில பதில்களுக்கு இது முக்கியம்.

நல்ல நிலையில் இருக்கும் இரைப்பை எப்படி வேலை செய்கிறது?

இரைப்பையை வெறும் பை என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். அதன் மேல்பகுதிக்கு ஒரு வேலை, கீழ்ப்பகுதிக்கு வேறு வேலை.

உணவு உள்ளே வரும்போது மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கிறது. அப்படித் தளர்வதால்தான் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. கீழ்ப்பகுதி அரைக்கும் இடம். இரைப்பையின் நடுப்பகுதியில் பிறக்கும் ஒரு மின் அலை நிமிடத்துக்கு சுமார் 3 முறை கீழ்நோக்கி ஓடுகிறது. சாப்பிட்ட பிறகு அந்த அலையின் பின்னாலேயே தசை சுருங்கி, உணவைக் குடலுக்குத் திறக்கும் வாசலை நோக்கித் தள்ளுகிறது. வாசலில் இருக்கும் தசை வளையம் அதற்குள் இறுகிக்கொள்வதால், பெரிய துண்டுகள் மோதித் திரும்பி வந்து மறுபடி அரைபடுகின்றன. 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான பிறகுதான் வெளியே போக அனுமதி. திரவத்துக்கு இந்தத் தடை இல்லை. அது கிட்டத்தட்ட நேராகவே இறங்கிவிடும்.

இந்த வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. குடலுக்குள் நிமிடத்துக்கு 1 முதல் 4 கலோரி வரை மட்டுமே போகும்படி இரைப்பை அளந்து விடுகிறது. கொழுப்பு வந்தால் குடல் "மெதுவா" என்று சேதி அனுப்பும், இரைப்பை இன்னும் நிதானமாகும். சாப்பிட்டு 4 மணி நேரம் ஆனால் திட உணவில் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளே மிச்சம் இருக்கக்கூடாது.

அப்புறம், வயிறு காலியாக இருக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பலமான சுருக்கங்கள் கிளம்பி, அரைபடாத நாரையும் சக்கையையும் குடலுக்குள் பெருக்கித் தள்ளுகின்றன. அடிக்கடி கொறிப்பவர்களுக்கு இந்தச் சுத்தம் செய்யும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

சர்க்கரை இதில் எதைக் கெடுக்கிறது?

ஒரே ஒரு இடத்தை அல்ல. மூளைத் தண்டிலிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு முதலாவது. மேல்பகுதியைத் தளர்த்துவதும் அரவையைத் தூண்டுவதும் பெருமளவு இந்த நரம்பின் பொறுப்பு. பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால், காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் வருவது போலவே இந்த நரம்பும் சேதமடைகிறது.

இரண்டாவது, இரைப்பைச் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலை. தசையைத் தளரச் சொல்லும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நரம்பு செல்கள் இங்கே குறைந்துபோகின்றன. விளைவு, மேல்பகுதி இடம் கொடுக்க மறுக்கிறது, வாசல் வளையம் திறக்க மறுக்கிறது. நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை, ஆனால் இதை ஆராய்பவர்கள் இப்போது மிகவும் கவனிப்பது இதைத்தான்: கஹால் செல்கள். 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் விஞ்ஞானி சந்தியாகோ ரமோன் இ கஹாலின் பெயரால் அழைக்கப்படும் இவைதான் மேலே சொன்ன மின் அலையை உண்டாக்குபவை. இந்த நோய் உள்ளவர்களின் இரைப்பைத் திசுவைப் பரிசோதித்தபோது அதிகமாகக் காணப்பட்ட கோளாறு, இந்தச் செல்கள் குறைந்துபோயிருந்ததுதான். இவை குறைந்தால் தாளம் தப்புகிறது. அலை சில சமயம் தாறுமாறாக ஓடுகிறது, சில சமயம் பலமே இல்லாமல் போகிறது.

இவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. உடனடி விளைவு ஒன்றும் உண்டு. நரம்பு நன்றாக இருப்பவருக்குக்கூட ரத்தச் சர்க்கரை ஏறிய நேரத்தில் இரைப்பை மந்தமாகிறது, இறங்கிய நேரத்தில் வேகம் பிடிக்கிறது.

என்னென்ன அறிகுறிகள் இருக்கும்?

கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்ற உணர்வு, சாப்பிட்டு மணிக்கணக்கில் ஆகியும் வயிறு கனமாகவே இருப்பது, குமட்டல், உப்புசம், மேல் வயிற்று வலி, நெஞ்செரிச்சல். இவற்றைவிடத் தெளிவாக அடையாளம் காட்டுவது வாந்திதான். பல மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது, சில சமயம் முந்தின வேளை உணவு, அடையாளம் தெரியும்படி அப்படியே வெளியே வரும். அப்படி வந்தால் டாக்டரிடம் "வாந்தி எடுத்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது சாப்பிட்டது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு விசித்திரம்: அறிகுறியின் கடுமைக்கும் தாமதத்தின் அளவுக்கும் பொருத்தம் பெரிதாக இல்லை. பரிசோதனையில் இரைப்பை மிக மெதுவாக இருப்பவர் சாதாரணமாக நடமாடுவார். லேசான தாமதம் உள்ளவர் குமட்டலில் துவண்டு கிடப்பார்.

இது வெறும் கேஸ் அல்லது அல்சராக இருக்கக்கூடாதா?

இருக்கலாம். அதனால்தான் முதலில் அவற்றை விலக்கிப் பார்க்கிறார்கள். மெட்ஃபார்மின் மாத்திரையும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரக்கூடியது. ஒரு மருந்தை ஆரம்பித்த பிறகோ அளவைக் கூட்டிய பிறகோ தொந்தரவு தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

திருட்டுத்தனமாக எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் சுகர் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. ஏன்?

என் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான்.

ஓர் உதாரணத்தை மணிக்கணக்கோடு பார்ப்போம். காலை 8 மணிக்கு சுகர் 140. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய வேகமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு ஒருவர் சாப்பிடுகிறார். அந்த இன்சுலின் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னேபின்னே உச்சத்துக்கு வருகிறது. உணவோ இன்னும் இரைப்பையிலேயே கிடக்கிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வர வேண்டுமானால் உணவு குடலுக்குள் இறங்கியாக வேண்டும், இரைப்பையிலிருந்து அது உறிஞ்சப்படாது. 9:15-க்கு சுகர் 62, வேர்த்துக்கொட்டுகிறது, கை நடுங்குகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டும் லோ சுகர். அவசரத்துக்கு எதையாவது இனிப்பாகக் குடித்துச் சமாளிக்கிறார். மதியம் 12 மணிக்கு, இன்சுலினின் வேகம் அடங்கிய பிறகு, காலை உணவும் குடித்த இனிப்பும் சேர்ந்து இறங்க, சுகர் 290. ஒரே நேரத்துக்கு வரச்சொன்ன இரண்டு பேரில் ஒருவர் காத்திருந்து கிளம்பிப்போன பிறகு மற்றவர் வந்து நிற்கும் கதை.

இதோடு நிற்பதில்லை. 290 என்பதே இரைப்பையை மேலும் மந்தமாக்கும். அதே நிலையில் மதிய உணவு போகிறது. இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கட்டுப்பாடில்லாத வாழ்க்கை போலத் தெரியும். "எதையோ மறைச்சு சாப்பிடறீங்க", "ஊசியை ஒழுங்கா போடறதில்லை" என்ற பழி நோயாளியின் தலையில் விழும். சாப்பிட்ட உடனே லோ, பல மணி நேரம் கழித்து ஹை என்ற இந்த வரிசை அடிக்கடி தெரிந்தால், ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் இரைப்பையைச் சந்தேகிப்பது நியாயம். வாந்தி, குமட்டல் எதுவும் இல்லாவிட்டாலும்கூட.

எச்பிஏ1சி நன்றாகத்தானே இருக்கிறது?

அது மூன்று மாத சராசரி. 62-ம் 290-ம் மாறி மாறி வந்தாலும் சராசரி பெரிதாகக் கெட்டுத் தெரியாமல் போகலாம். இந்த விஷயத்தில் தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் அளக்கும் சென்சார் காட்டும் கோடு அதிகம் சொல்லும். சென்சார் இல்லையென்றால், ஒரு வேளை உணவுக்குப் பின் 1, 2, 4 மணி நேரங்களில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்து எழுதி வைக்கலாம்.

அப்படியானால் இன்சுலினைச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாமா?

சிலருக்கு டாக்டர்கள் அப்படித்தான் மாற்றிக் கொடுக்கிறார்கள். சிலருக்கு மெதுவாக வேலை செய்யும் வகைக்கு மாற்றுவார்கள். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேளை அளவைப் பல மணி நேரத்துக்குப் பரப்பி விடும் வசதி உண்டு. ஆனால் எவ்வளவு, எப்போது என்பது ஒவ்வொருவரின் அளவீடுகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நீங்களாக மாற்றாதீர்கள்.

லோ சுகர் வந்தால் வழக்கமான முதலுதவி போதுமா?

போதும், ஆனால் கொஞ்சம் கவனத்தோடு. திட உணவை நம்பாதீர்கள், கரைத்த குளுக்கோஸோ இனிப்பான திரவமோதான் வேகமாக இறங்கும். கொழுப்பு கலந்த இனிப்பு இரைப்பையை இன்னும் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அதற்காகத்தான் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி. அதை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

சர்க்கரை இருக்கும் எல்லோருக்கும் இது வருமா?

இல்லை. அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் மக்களைத் தொடர்ந்து கவனித்து நடந்த ஆய்வில், 10 ஆண்டுகளில் அறிகுறிகளோடு இந்த நோய் வந்தவர்கள் முதல் வகை சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம், இரண்டாம் வகையில் சுமார் 1 சதவீதம், சர்க்கரை இல்லாதவர்களில் 0.2 சதவீதம். பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் நீண்டநாள் நோயாளிகளை அளந்து பார்க்கும்போது கிடைக்கும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே வருபவர்களே சிக்கலோடு வருபவர்கள் என்பதும், அறிகுறி இல்லாத தாமதமும் கணக்கில் சேர்வதும் இதற்குக் காரணம்.

பொதுவாகப் பல ஆண்டுகள் சர்க்கரையோடு இருந்தவர்கள், கண்ணிலோ சிறுநீரகத்திலோ கால் நரம்பிலோ ஏற்கெனவே பாதிப்பு தொடங்கியவர்கள், அதிலும் பெண்கள், இதில் அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகையின் ஆரம்ப காலத்தில் சிலருக்கு இதற்கு நேர் எதிராக இரைப்பை மிக வேகமாகக் காலியாகும். அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அளந்து பார்க்காமல் சிகிச்சை ஆரம்பிப்பது ஏன் சரியில்லை என்பதற்கு இதுவே போதும்.

எடை குறைக்கவும் சுகருக்கும் போடும் புதிய ஊசிகளும் வயிற்றை மந்தமாக்குமாமே?

ஆமாம். செமாக்ளூடைட், லிராக்ளூடைட் போன்ற ஜிஎல்பி-1 வகை மருந்துகளும், டிர்செபடைடும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துபவைதான். பசி அடங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. ஏற்கெனவே இரைப்பை மந்தமாக இருப்பவருக்கு இவற்றைக் கொடுக்கலாமா என்பது யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஊசி ஆரம்பித்த பிறகு தொந்தரவு வந்தவருக்குக் காரணம் நரம்பா ஊசியா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஓபியாய்டு வகை வலி மருந்துகளும், வயிற்றுப் பிடிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். ஆகவே எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் எண்டோஸ்கோபி. அடைப்போ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க. இரவு முழுவதும் பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு கிடந்தால் அதுவே ஒரு தடயம்.

உறுதிப்படுத்துவது கதிரியக்க உணவு ஸ்கேன். மிகக் குறைந்த அளவு டெக்னீசியம் கலந்த ஒரு சிறிய உணவைச் சாப்பிடவைத்து, 4 மணி நேரம் வரை இடைவெளி விட்டுப் படம் எடுப்பார்கள். 2 மணி நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேலோ, 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேலோ மிச்சம் இருந்தால் தாமதம். 2 மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டால் பலருடைய நோய் பிடிபடாமல் போகும். "4 மணி நேரம் பார்ப்பீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. கதிரியக்கம் வேண்டாம் என்றால், கார்பன்-13 கலந்த உணவைக் கொடுத்து மூச்சுக்காற்றை அளக்கும் முறையும் உண்டு.

சோதனை நாளன்று சுகர் மிக அதிகமாக இருந்தால் அதுவே இரைப்பையை மந்தமாக்கி முடிவைத் திரித்துவிடும். 275-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும் என்பது வழக்கம். அசைவைக் கூட்டும், குறைக்கும் மருந்துகளையும் டாக்டர் சொல்படி 2, 3 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

எதைச் சாப்பிடலாம்?

சர்க்கரை நோயாளிக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவுரை இங்கே தலைகீழாகிறது. நார்ச்சத்து நிறைய, பச்சைக் காய்கறி நிறைய, தோலோடு பழம் என்பதுதானே பொதுப் பாடம்? இரைப்பை அரைக்காதபோது அந்த நாரே உள்ளே தங்கித் திரண்டு கட்டியாகி அடைக்கலாம். இவ்வளவு நாள் நல்லது என்று சாப்பிட்டதையே குறைக்கச் சொன்னால் நோயாளி குழம்பிப்போவது இயல்பு.

இரைப்பையால் முடியாத அரவையை நாம் வெளியிலேயே செய்து கொடுப்பதுதான் உத்தி. குழைய வேகவைத்தது, மசித்தது, மிக்சியில் அடித்தது. முள்கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும், அதுதான் கணக்கு. இன்சுலின் போடும் நோயாளிகளிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வில் இப்படிப் பொடியாகும் உணவு குமட்டலையும் வாந்தியையும் வயிறு நிறைந்த உணர்வையும் குறைத்தது. தோல், விதை, நார் கொண்டவற்றை நீக்கிவிடுங்கள். நன்றாக மெல்லுங்கள், பல் சரியில்லை என்றால் அதை முதலில் கவனியுங்கள்.

மூன்று பெரிய வேளைக்குப் பதில் நான்கைந்து சின்ன வேளைகள். எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள். கொழுப்பு கட்டாயம் வேண்டும், எடை இறங்குகிறது என்றால் அதைத் திரவத்தில் சேர்ப்பது எளிது. மோசமான நாட்களில் திட உணவை விட்டுவிட்டு, சத்துள்ள திரவத்திலேயே ஓட்டலாம். பொழுது போகப் போக வயிறு கனப்பவர்கள் காலையில் திட உணவும் இரவில் திரவமுமாக மாற்றிப் பார்க்கலாம். காற்றடைத்த பானங்கள், மது, புகை வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காமல் மெதுவாக நடப்பது உதவும்.

ஏற்கெனவே சிறுநீரகத்துக்காகவும் சுகருக்காகவும் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு இதையும் சேர்த்தால் சாப்பிட எதுவுமே இல்லை என்ற நிலை வந்துவிடும். அந்த இடத்தில் உணவியல் நிபுணரைப் பார்ப்பது வீண் செலவல்ல.

மருந்து உண்டா?

உண்டு, எண்ணிக்கையில் குறைவு. மெட்டோக்ளோப்ரமைடுதான் இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. குமட்டலைக் குறைத்து அசைவைக் கூட்டும். ஆனால் நீண்ட நாள் எடுத்தால் முகம், நாக்கு, கை கால்களில் தானாக அசைவு வரும் ஆபத்து உண்டு, நிறுத்திய பிறகும் அது போகாமலிருக்கலாம். அதனால் 12 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்ற எச்சரிக்கை 2009 முதல் இருக்கிறது. டோம்பெரிடோன் பல நாடுகளில் கிடைக்கிறது. அது இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் முதலில் ஈசிஜி பார்ப்பது நல்லது. ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசினுக்கு இரைப்பையைச் சுருங்கவைக்கும் குணமும் உண்டு, ஆனால் சில வாரங்களிலேயே பலன் தேய்ந்துவிடும்.

இவற்றில் எதையும் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மருந்தும் உணவும் கைகொடுக்காவிட்டால்?

வாசல் வளையத்தின் தசையை எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டித் தளர்த்தும் முறை, இரைப்பைக்கு மின்தூண்டல் தரும் கருவி, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கே நேராகக் குழாய் வழியாக உணவு. இவை கடும் நிலையில் இருக்கும் சிலருக்கு மட்டும், அனுபவமுள்ள மையங்களில்.

வேறு ஏதாவது ஆபரேஷனுக்குப் போகும்போது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். வழக்கமான பட்டினி நேரத்துக்குப் பிறகும் இரைப்பையில் உணவு இருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

தண்ணீர்கூட உள்ளே தங்காமல் வாந்தி தொடர்ந்தால், வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற கரும்பழுப்புத் துகள்களோ வந்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால், கடும் வயிற்று வலி வந்தால், குழப்பமோ வேகமான மூச்சோ இருந்தால். தொடர் வாந்தியை "வழக்கமான வயிற்றுப் பிரச்சினை" என்று விட்டுவிடாதீர்கள். அது கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறலாம். முதல் வகை சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிட முடியவில்லை என்பதற்காக, நாள் முழுவதும் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது.

இது முழுவதுமாகக் குணமாகுமா?

சேதமடைந்த நரம்பையும் கஹால் செல்களையும் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்று இல்லை. ஆனால் சுகர் மட்டுமே காரணமாக இருந்த தாமதம், சுகர் நிதானப்பட்டதும் குறையும். மருந்தால் வந்தது பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் போய்விடும். நரம்பு பாதிப்பு உள்ளவர்களிலும் பலர் உணவு முறையும் இன்சுலின் நேரமும் சரியான பிறகு ஓரளவு சாதாரணமாகவே இருக்கிறார்கள், நடுவில் சில மோசமான வாரங்கள் வந்து போகும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது என்ன கொண்டுபோவது?

ஒரு வாரக் குறிப்பு. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, ஊசி எத்தனை மணிக்கு, அதற்குப் பின் சுகர் என்ன, குமட்டலோ வாந்தியோ எப்போது. வாந்தி இல்லாத நாளையும் எழுதுங்கள். மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், வேறு டாக்டர் எழுதியதும் கடையில் நீங்களாக வாங்கியதும் உட்பட.